கப்பல் வராத ஊரின் விளக்கு

மொழிபெயர்ப்பில் இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது. இந்தக் காலத்தில் 'கலங்கரை விளக்கம்' என்று நூறு தடவையாவது எழுதியிருப்பேன். கடலரிப்பு பற்றிய செய்தியில், சுற்றுலாக் கட்டுரையில், 'இளைஞர்களுக்கு இவர் ஒரு கலங்கரை விளக்கம்' என்று முடியும் இரங்கல் குறிப்புகளில். ஆனால் ஒரு கலங்கரை விளக்கத்தின் படியில் கால் வைத்ததில்லை. மெரினாவில் இருப்பதைக்கூட பஸ் ஸ்டாப்பாகத்தான் தெரியும். தமிழ் எம்.ஏ. படித்தவர்களின் சாபம் இது. சொல் தெரியும், அதன் வேர் தெரியும், எந்தக் காப்பியத்தில் வருகிறது என்பதும் தெரியும். பொருளை மட்டும் பார்த்திருக்க மாட்டோம்.

இந்தக் குறை அப்பாவால் தீர்ந்தது.

அப்பாவுக்கு 80 வயது. கிளாகோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் நோய். ஓரங்களிலிருந்து பார்வை போகும். நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். "பேப்பரைச் சுருட்டி அது வழியாப் பாக்கிற மாதிரி இருக்கு" என்பார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருடம் ஒரு ராத்திரி பாத்ரூமுக்குப் போனவர் ஹாலில் நாற்காலி இடறி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மறுநாள் ஹாலில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டேன். காலையில் பார்த்தால் அணைந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. கேட்டதற்கு, "நான் என்ன குருடனா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

தினமும் காலையில் அவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவது என் வேலை. ஒரு நாள், கலங்கரை விளக்கங்களைச் சுற்றுலாத் தலங்களாக மேம்படுத்துவது பற்றி ஒரு துண்டுச் செய்தி. பட்டியலில் ஆலப்புழை என்ற பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இன்னும் எரியுதா?"

"எரியுதுன்னுதான் போட்டிருக்கு."

"துறைமுகந்தான் போயிட்டுதே. யாருக்கு எரியுது?"

என்னிடம் பதில் இல்லை. அந்த விளக்கின் வெளிச்சத்தில் வளர்ந்தவர் அவர். தாத்தாவுக்குத் திருநெல்வேலி. ஆலப்புழையில் ஒரு வெள்ளைக்காரர் கயிற்றுக் கம்பெனியில் கணக்கு எழுதினார். கம்பெனி கைமாறியபோது வேலை போயிற்று. அப்பாவுக்கு அப்போது 12 வயது. படகில் கொல்லம், அங்கிருந்து செங்கோட்டை வழியாக ரயிலில் திருநெல்வேலி. அதன்பின் அவர் ஆலப்புழைக்குப் போகவே இல்லை. போக வேண்டும் என்று சொன்னதும் இல்லை. அந்தக் காலைதான் முதல் தடவையாகச் சொன்னார்: "கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை பாத்துட்டா தேவலை."

கடந்த ஜனவரியில் சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறினோம்.

தமிழ் வாசகர்களுக்கு ஆலப்புழை தெரியாத ஊர் அல்ல. தகழியின் 'செம்மீன்' அந்தக் கடற்கரையில் நடப்பது. 'தோட்டியின் மகன்' அந்த நகரத்தின் தெருக்களில் நடப்பது. இரண்டையும் தமிழுக்குத் தந்தவர் சுந்தர ராமசாமி. இரண்டாவது நாவலில் வரும் தோட்டிகளின் பெயர்களைக் கவனித்தால் இசக்கிமுத்து, சுடலைமுத்து என்று இருக்கும். எங்கள் பக்கத்துப் பெயர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணக்கெழுதப் போனவர்களும் உண்டு, மலம் அள்ளப் போனவர்களும் உண்டு. தாத்தா எதில் சேர்ந்தவர் என்பது சாதி தீர்மானித்த விஷயம். அப்பா அதை மறைப்பதில்லை.

இவர்களையெல்லாம் அங்கே இழுத்தது துறைமுகம். திருவிதாங்கூர் ராஜ்ஜியம் 1762இல் ஆலப்புழையைத் துறைமுகமாகத் திறந்தது. பின்னாளில் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் அதை வளர்த்தார். மலைச்சரக்கு படகில் வந்து கடலோரத்தில் இறங்குவதற்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. குஜராத்தி வியாபாரிகள் வந்து குடியேறினார்கள். 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். மிளகும் கொப்பரையும் ஏலமும் போன கப்பல்களில் தேங்காய் நார்ப் பாய்களும் ஏறின. வெளிநாட்டு வீடுகளின் வாசலில் கிடந்த மிதியடிகளில் ஆலப்புழைச் சரக்கு நிறைய.

இத்தனைக்கும் அங்கே கப்பல் ஒதுங்க ஒரு வளைகுடா கிடையாது, ஆற்று முகம் கிடையாது. திறந்த கடல். பிறகு எப்படித் துறைமுகம்? சேறுதான் காரணம். மழைக்காலத்தில் அந்தக் கரையையொட்டிக் கடலில் சேறு கலங்கித் திட்டாக நிற்கும். அலையின் வேகத்தை அது விழுங்கிவிடும். அக்கம்பக்கத்தில் கடல் கொந்தளிக்கும்போது இங்கே மட்டும் குளம் மாதிரி கிடக்கும். கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, படகுகள் போய்ச் சரக்கு ஏற்றும். சேறு கலங்கினால் மீனும் கூட்டமாக வரும். மலையாளத்தில் அதற்குச் 'சாகர' என்று பெயர். கடற்கரைக்கு அது திருவிழா.

சேறு கப்பலைக் காப்பாற்றும். ஆனால் அந்த இடத்தைக் கப்பல் கண்டுபிடித்தால்தானே? கேரளக் கரை முழுவதும் தென்னை மரம். கடலிலிருந்து பார்த்தால் எந்த ஊரும் ஒரே மாதிரி பச்சைக் கோடு. ராத்திரி அந்தக் கோடும் இல்லை. ஆயில்யம் திருநாள் மகாராஜாவாகவும், கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ் திவானாகவும் இருந்த காலத்தில் இதற்கு ஒரு வழி பிறந்தது. 1862 மார்ச் 28ஆம் தேதி ஆலப்புழைக் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. அதே 1862இல் கடலுக்குள் நீளும் பாலமும் வந்தது. விளக்குக்கு என்ன எண்ணெய் தெரியுமா? தேங்காய் எண்ணெய். ஊரில் எது மலிவோ அது.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரை கிட்டத்தில்தான். விளக்கு கடற்கரையிலேயே இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி, வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. சுமார் 28 மீட்டர் உயரம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கிறார்கள். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். பகலில் விளக்கு தெரியாது, கோபுரம்தான் அடையாளம், அதற்காக ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு வேஷம் என்று பிறகு தெரிந்தது.

டிக்கெட் கொடுத்தவர் அப்பாவைப் பார்த்துத் தயங்கினார். சுழல் படிகள், மேலே ஏணி. அப்பாவே, "நான் கீழ இருக்கேன், நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். மரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஏறினேன்.

ஏறும்போது அப்பா சொன்ன கதை ஞாபகம் வந்தது. அவருக்கு ஏழு வயதிருக்கும். அதுவரை எண்ணெய் விளக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரே நிலையாகத் தெரியுமாம். ஒரு நாள் ராத்திரி திடீரென்று வெளிச்சம் போவதும் வருவதுமாக இருந்தது. பாட்டி, "வெளக்குக்குக் கண்ணு நோவு வந்திருக்கு" என்றாளாம். தாத்தாதான் சிரித்துக்கொண்டு விளக்கினாராம். வீட்டுக் கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஆலப்புழை விளக்கின் வரலாற்றைத் தேடியபோது தெரிந்தது: 1952இல் எண்ணெய் விளக்கை எடுத்துவிட்டு, விட்டுவிட்டு எரியும் வாயு விளக்கு வைத்திருக்கிறார்கள். மின்சாரம் அதற்கும் பிறகு. பாட்டி பார்த்தது அந்த மாற்றத்தை. கண் நோவு என்று அவள் சொன்னதுதான் இப்போது கொஞ்சம் உறுத்தியது.

மூச்சு வாங்க மேலே போனால், முதலில் முகத்தில் அடிப்பது காற்று. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் தென்னந்தலைகள், ஓட்டுக் கூரைகள், இடையில் கோயில், சர்ச், மசூதி. கால்வாய்கள் மரங்களுக்குக் கீழே ஒளிந்துகொண்டன. விளக்கைச் சுற்றி நிற்கும் கண்ணாடிதான் விசேஷம். பிரெஞ்சுக்காரரான அகஸ்டின் ஃப்ரெனெல் 1820களில் கண்டுபிடித்த முறை. முழுக் கண்ணாடிப் பாளமாக லென்ஸ் செய்தால் கனம் தாங்காது. அதனால் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி, நாலா பக்கமும் சிதறும் வெளிச்சத்தை ஒரே கற்றையாகத் திருப்பிவிடுவது. உள்ளே இருக்கும் விளக்கு சின்னதுதான். தூரத்துக்குக் கொண்டுபோவது கண்ணாடி. யாரும் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதில்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும்.

மேலே இருந்த இளம் ஊழியரிடம் அப்பாவின் கேள்வியைக் கேட்டேன். துறைமுகம் இல்லை, கப்பல் இல்லை, எல்லோர் கையிலும் ஜி.பி.எஸ். யாருக்கு எரிகிறது?

அவருக்குக் கேள்வி பழக்கமானதுதான் போலிருக்கிறது. ஆலப்புழைக்குக் கப்பல் வருவதில்லை, வாஸ்தவம். ஆனால் ஆலப்புழையைக் கடந்துதான் கப்பல்கள் போகின்றன என்றார். ஒவ்வொரு விளக்குக்கும் விட்டுவிட்டு எரிவதில் ஒரு கணக்கு உண்டு. இத்தனை விநாடிக்கு இத்தனை மினுக்கல். அதை எண்ணிப் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டால், எதிரே தெரிவது ஆலப்புழையா வேறு ஊரா என்று கேப்டனுக்குத் தெரிந்துவிடும். மெஷின் சொல்வதைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மெஷின் கெட்டால் கண் ஒன்றுதான் துணை. அப்புறம் மீன்பிடிக்கப் போகிறவர்கள். "ஒரு ராத்திரி கொஞ்ச நேரம் எரியலேன்னாப் போதும் மேடம், கடல்லேருந்தே போன் வந்துடும்" என்றார் தமிழும் மலையாளமுமாக.

செலவு யாருடையது என்று கேட்டேன். அதில்தான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. இந்தியத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வசூலிக்கும் முறை இருக்கிறது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது, அதை நீக்கி 2021இல் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அதாவது, கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ வரும் கப்பல் கட்டும் பணத்தில் ஆலப்புழை விளக்கும் எரிகிறது. சின்ன மீன்பிடி வள்ளங்களுக்குக் கட்டணம் கிடையாது. பெரிய கப்பல் காசு கொடுக்க, வள்ளக்காரன் வெளிச்சத்தில் வீடு வந்து சேர்கிறான். நம் நாட்டில் இப்படியும் ஒரு ஏற்பாடு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

கீழே வந்து பார்த்தால் அப்பா யாரோ ஒருவரோடு அறுபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்ட வார்த்தை 'விளக்குமாடம்'. மலையாளத்தில் கலங்கரை விளக்கத்துக்கு அதுதான் பெயர். நமக்கு விளக்குமாடம் என்றால் வீட்டுச் சுவரில் அகல் வைக்கிற குழி. அவர்களுக்குக் கடலோரக் கோபுரம். ஒரே சொல், வீட்டுக்குள் ஒன்று, கடலுக்கு ஒன்று.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். கரையையொட்டி 2021இல் திறந்த மேம்பாலச் சாலை, மேலே கார்கள் இரைந்துகொண்டே போகின்றன. பக்கத்தில் ஒரு போர்ப்படகு தரையில் ஏறி நிற்கிறது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற டி-81. துறைமுக அருங்காட்சியகத்துக்காகக் கொச்சியிலிருந்து 2021இல் கொண்டுவந்தார்கள். காயல் வழியாகக் கொஞ்ச தூரம், மீதி தூரம் இழுவை வண்டியில் சாலை வழியாக. நூற்றாண்டுக் கணக்கில் கப்பல் பார்த்த ஊருக்குக் கடைசியாகக் கப்பல் வந்தது ரோட்டில்! அப்பாவிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "பாலம் இருக்கா?"

கடல்பாலத்தைச் சொல்கிறார். தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டியில் சரக்கு போன பாலம். சிறுவர்கள் அதன் நுனி வரை ஓடிப் போய் அடி வாங்கிய பாலம். என் கண்ணெதிரே தண்ணீருக்குள் துருப்பிடித்த இரும்புத் தூண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மேலே ஒன்றுமில்லை. காக்கைகள் உட்கார்ந்திருந்தன.

இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அந்தக் குழாய்ப் பார்வையில் பாலமும் தெரியாது, பாலம் இல்லாததும் தெரியாது. ஒரு நிமிஷம் யோசித்தேன். இல்லாததைச் சேர்க்காதே, இருப்பதை விடாதே என்று என் தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததுதான் கடைசியில் வாயில் வந்தது.

"இல்லைப்பா. தூண் மட்டும் நிக்குது. வரிசையா."

"எத்தனை தூரத்துக்கு?"

"கொஞ்ச தூரம் போகுது. அப்புறம் அதுவும் இல்லை."

தலையை ஆட்டினார். அவருக்கு வரலாறு தெரியும். 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தார். முகத்துவாரத்தை அடைத்த மணல் திட்டை வெட்டி, தோண்டிய மண்ணில் வெலிங்டன் தீவை எழுப்பினார். 1928இல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாயிற்று. நிழலான துறைமுகத்தில் கரையோடு ஒட்டி நின்று சரக்கேற்ற வசதி இருக்கும்போது, திறந்த கடலில் படகு வைத்து ஏற்ற யார் வருவார்கள்? சேறு கொடுத்த வாழ்வு மண் வெட்டியவர்களிடம் தோற்றது. இதில் வேடிக்கை, அதே பிரிஸ்டோதான் 1938இல் சேற்றுத் திட்டுகளின் வரலாற்றை விரிவாக ஒரு நூலாக எழுதி வைத்தவர். தாத்தா ஆலப்புழைக்கு வேலைக்குப் போனபோதே துறைமுகம் சரிய ஆரம்பித்துவிட்டது. அவருக்குத்தான் தெரியவில்லை.

இருட்டியது. மேம்பாலத்துக்கு மேலே கோபுரத்தின் தலை தெரிந்தது. விளக்கு எரிய ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது, அப்பாவுக்குத் தெரியவில்லை. எங்கே, எங்கே என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் ஒரு விநாடிதான் வருகிறது. அதற்குள் அவருடைய குழாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் நான் பின்னால் நின்று, குழந்தைக்கு நிலா காட்டுவது போல அவருடைய தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பி நிறுத்தினேன். "அசையாதீங்கப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு என் உள்ளங்கையில் அவர் தாடை அசைந்தது. "ஆ..." என்றார். பிறகு வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். அடுத்த வெளிச்சம் வந்ததும் நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து. நான்கைந்து முறை சரிபார்த்துக்கொண்டார். கேப்டன் மாதிரி.

"யாருக்கு எரியுதுன்னு கேட்டீங்களே" என்று ஆரம்பித்து ஊழியர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கொச்சிக் கப்பல் கட்டும் காசு, கடலிலிருந்து வரும் போன், எல்லாம். 2025 மே மாதம் இந்தக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியதையும், அதிலிருந்த 24 பேரும் உயிர் தப்பியதையும் அவருக்குப் படித்துக் காட்டியது ஞாபகம் இருந்தது. இந்தக் கரை இன்னும் கப்பல்கள் போகிற வழிதான் என்றேன்.

கல்லூரியில் எங்கள் பேராசிரியர் கலங்கரை என்ற சொல்லைப் பிரித்துக் காட்டியது அப்போது நினைவுக்கு வந்தது. சிலப்பதிகாரத்தில் புகார்த் துறைமுகத்தைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. வகுப்பில் எல்லோரும் கரை என்றால் கடற்கரை என்றோம். இல்லை, காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல், அழைத்தல். கலங்களை அழைக்கிற விளக்கு என்றார் அவர். இத்தனை வருடம் அதை அப்படியே நம்பியிருந்தேன். ஆலப்புழை விளக்கு இப்போது யாரையும் அழைக்கவில்லை. வந்தாலும் ஒதுங்க இடமில்லை. நீ இருக்கும் இடம் இது என்று மட்டும் சொல்கிறது. வருகிறவனுக்கும் சொல்கிறது, விலகிப் போகிறவனுக்கும் சொல்கிறது. அதற்குக்கூட ராத்திரி முழுக்க எரிய வேண்டியிருக்கிறது.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

சென்னைக்குத் திரும்பிய அன்று ராத்திரி, எல்லோரும் படுத்தபின், வழக்கம்போல ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டேன். வழக்கம்போல அணைப்பார் என்றுதான் நினைத்தேன். அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, அந்தச் சின்ன வெளக்கு எரியுதா?"

"எரியுதுப்பா."

"கதவைச் சாத்தாத. அது தெரியணும்."

கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.